இருபத்தேழாம் பொருள்

ஜூன் 3, செவ்வாய்

நகராட்சியில் உறுப்பினர்களுக்கு ஆளுக்கொரு டைரி கொடுத்திருந்தார்கள். வார்டுக் குறைகளை எழுதி வைக்க வேண்டுமாம். தமக்கு எல்லாம் போனிலேயே இருக்கிறது என்று சொல்லி இவர் என்னிடம் கொடுத்துவிட்டார். பால் கணக்கு எழுது என்றார். பால் பாக்கெட்டில் வருகிறது, அதற்கு என்ன கணக்கு. சும்மா எதையாவது எழுதுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பதினாலாவது வார்டு உறுப்பினர் நான்தான். பெயர் சொர்ணலதா. வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதும் என் கணவர் மந்திரமூர்த்தி என் பெயரில் மனுப் போட்டு, என் பெயரில் ஓட்டுக் கேட்டு, ஜெயித்தார். தெருவில் கவுன்சிலர் என்றால் அவர். நான் கவுன்சிலர் வீட்டம்மா. இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

காலையில் இட்லி, தக்காளிச் சட்னி. கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்துக் கடித்தேன்.

ஜூன் 5, வியாழன்

எதிர்வீட்டு இசக்கியம்மாளின் குழாயை இன்று அடைத்துவிட்டார்கள். நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து வாசலைத் தோண்டி, இணைப்பைக் கழற்றி, மூடி போட்டு, மண்ணைத் தள்ளிவிட்டுப் போனார்கள். இசக்கி பீடி இலையும் தூளும் கிடந்த சொளவை இடுப்பில் வைத்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

குடிநீருக்கும் பாதாள சாக்கடைக்கும் அவள் பணம் கட்டவில்லை. தெருவில் பாதிப் பேர் கட்டவில்லை. சாக்கடைக்குக் குழாய் பதித்தார்களே ஒழிய அதில் ஒன்றும் ஓடாது. மழை பெய்தால் திரும்பி வீட்டுக்குள் வரும். ஓடாத சாக்கடைக்கு யாரும் பைசா கட்டாதீர்கள், நான் தள்ளுபடி வாங்கித் தருகிறேன் என்று தேர்தலின்போது இவர் வீடு வீடாகச் சொன்னார். நான் பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். ஜனங்கள் அதை நம்பிக் கட்டாமல் விட்டார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் இவர் கட்டிவிட்டார். கவுன்சிலர் வீட்டில் பாக்கி இருந்தால் அசிங்கம் என்றார்.

தள்ளுபடி வரவில்லை. தாமதக் கட்டணம் வந்தது. கட்டாத தொகைக்கு மாதாமாதம் ஒரு தாமதக் கட்டணம், பிறகு அந்தத் தாமதக் கட்டணத்துக்கும் ஒரு தாமதக் கட்டணம். இசக்கி வீட்டில் இப்போது அசலைவிட அதுதான் பெரிது.

சாயங்காலம் எங்கள் தண்ணீர் லாரி தெருவுக்கு வந்தது. போன வருஷம் இவர் வாங்கியது. குழாய் அடைபட்ட வீட்டுக்காரர்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். இசக்கிக்கு மட்டும் இரண்டு குடத்துக்குக் காசு வாங்க வேண்டாம் என்று இவர் டிரைவரிடம் சொல்லியிருந்தார். இவருக்கு நல்ல மனசு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

ஜூன் 6, வெள்ளி

மோட்டார் ரிப்பேர். தலைக்குக் குளித்தேன். வேறொன்றும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

இசக்கி வந்தாள். அவளுக்கு ஒரே பெண், இந்துஜா. சங்கரன்கோவில் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறாள். இப்போது ஏழாம் மாதம். ஆடி பிறப்பதற்குள் வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டி வர வேண்டும். குழாயை அடைத்த விஷயம் எப்படியோ சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டது.

"தண்ணி இல்லாத வீட்டுக்குப் பிள்ளத்தாச்சிய அனுப்ப மாட்டோம்னு சொல்லிட்டாவ, மதினி. பிரசவத்த அங்கயே பாத்துக்கிடுதாவளாம். நான் வேணும்னா வந்து எட்டிப் பாத்துட்டுப் போகணுமாம்."

சொல்லிவிட்டு என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். புருஷன் போன நாளில்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நான் டீ போட்டுக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்திருக்கலாம். பாலைப் பொங்கவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் யார் அழுதாலும் எனக்குள் எதுவும் அசைவதில்லை. பல் மட்டும் வலிக்கிறது.

அவள் பீடி சுற்றி அசலைக் கட்டிவிடுவாளாம். தாமதக் கட்டணத்தைத்தான் அவளால் தூக்க முடியாது. அதையும் சேர்த்துக் கட்டினால்தான் குழாயைத் திறப்போம் என்கிறார்கள். இவர் வந்ததும் கேட்டாள். "பாத்துக்கிடுதேன்" என்றார். தேர்தலின்போதும் இதே முகத்தோடுதான் சொன்னார்.

ஜூன் 10, செவ்வாய்

நகராட்சிக்குப் போய் ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். இவர் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். மன்றப் பிரிவு கிளார்க் ஞானசிகாமணியிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். தாமதக் கட்டணம் அசலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, பழைய பாக்கிக்கும் அப்படியே, அது மட்டும் பாக்கி என்றால் குழாயை அடைக்கக் கூடாது என்று எழுதியிருந்தேன். அவர் வாங்கி, தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். வேறு யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைத்திருப்பார்.

எதற்காகக் கொடுத்தேன் என்று தெரியவில்லை. வரும் வழியில் முருங்கைக்காய் மலிவாக இருந்தது.

ஜூன் 14, சனி

லாரிக்கு இன்று இரண்டு நடை. இவர் சந்தோஷமாக இருந்தார். எனக்கு நைட்டி வாங்கி வந்தார். அளவு பெரிது.

ஜூன் 20, வெள்ளி

முப்பதாம் தேதி மன்றக் கூட்டத்துக்கு அஜெண்டா வந்தது. எப்போதும் அதை இவர்தான் பிரிப்பார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"இருபத்தேழாம் பொருள். பதினாலாவது வார்டு உறுப்பினர் திருமதி சொர்ணலதா கோரியபடி... ஏட்டி, இத யாரு எழுதிக் கொடுத்தா?"

நான்தான் என்றேன்.

"நீயா?"

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. வீட்டு ஃபிரிட்ஜ் திடீரென்று பேசினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். பிறகு சிரித்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நான் மிச்ச வெங்காயத்தையும் உரித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

தலைவர் வீட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தார். தாமதக் கட்டணத்தைக் குறைத்தால் வருமானம் போய்விடுமாம். தலைவருக்கு இதில் இஷ்டம் இல்லை. ஆனால் ஒரு பெண் உறுப்பினர் கொண்டுவந்ததைத் தள்ளினால் எதிர்க்கட்சிக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். அதனால் நானே எழுந்து ஒத்திவைக்கச் சொல்லிவிட்டால் ஒருவருக்கும் வம்பில்லை. பதிலுக்கு, மேலத்தெருவில் ரோடு போடுகிற வேலை இவருடைய அக்கா மகனுக்குக் கிடைக்கும்.

லாரியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இவரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

"ஒரே ஒரு வரிதான்" என்றார். "இருபத்தேழாம் பொருளை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சொல்லு பாப்போம்."

சொன்னேன். "கொஞ்சம் சத்தமா" என்றார். சத்தமாகச் சொன்னேன்.

அடுத்த கூட்டம் ஆடியில் வரும்.

ஜூன் 25, புதன்

மாவு ஆட்டும்போது சொல்லிப் பார்க்கச் சொன்னார். கிரைண்டர் சத்தத்தில் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அவர் தலையாட்டினார்.

மன்றத்தில் நான் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. ஒன்றும் சொன்னதில்லை என்றும் சொல்ல முடியாது. கிளார்க் பொருளின் எண்ணையும் தலைப்பையும் வாசிப்பார். நாங்கள் மேசையைத் தட்டி 'ஆல் பாஸ்' என்போம். சம்மதம் என்பதற்கு எங்கள் மன்றத்தில் அதுதான் பேச்சு. அது சாலையோ சுடுகாட்டுக் கூரையோ கொசு மருந்தோ, யாரும் கேட்பதில்லை. மன்றத்தில் நான் இதுவரை சொன்னது அந்த ஒரு வார்த்தைதான்.

கீரைக்காரருக்குப் பதிலாக அவர் தம்பி வந்தார். வாடிய கீரை.

ஜூன் 28, சனி

கன்னம் வீங்கிவிட்டது. பல் டாக்டர் திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாக வரச் சொன்னார், பல்லைப் பிடுங்கியாக வேண்டுமாம். அன்றைக்குத்தான் கூட்டம். ஊசி போட்டால் ஒரு வரி பேச முடியாதா என்று இவர் டாக்டரிடம் கேட்டார். மத்தியானம் வரை மரத்திருக்கும், குழறினாலும் பேசலாம் என்றார் டாக்டர். இவர் நிம்மதியானார்.

தாமதக் கட்டணம் கூட்டத்துக்கு வருகிறது என்று எப்படியோ கேள்விப்பட்டு, இசக்கி வாசலில் நின்று கேட்டாள். "திங்கக்கெழம முடிஞ்சிருமா, மதினி? சம்பந்திக்குச் சொல்லணும்." நான் தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். ஆமா என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவள் ஆமா என்று எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 30, திங்கள்

பல் போயிற்று. டாக்டர் அதைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார். குப்பைக் கூடையில் போட்டுவிட்டு நேராகக் கூட்டத்துக்குப் போனோம்.

மன்றத்தில் ஃபேன் இரண்டு ஓடவில்லை. உறுப்பினர்களின் கணவன்மார்களுக்கென்று பின்னால் ஒரு வரிசை நாற்காலி கிடக்கிறது. போடச் சொன்னவர் யார் என்று தெரியாது, எடுக்கச் சொல்லவும் யாரும் இல்லை. இவர் அங்கே உட்கார்ந்தார். எல்லோருக்கும் டீ வந்தது. எனக்கும் வந்தது. ஒரு வாய் குடித்தேன், உதட்டைச் சுட்டுவிட்டது. வைத்துவிட்டேன்.

முதல் பொருளிலேயே தெரு நாய் சண்டை வந்துவிட்டது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், கடிபட்ட பையனின் போட்டோவைத் தூக்கிக் காட்டினார். ஒரு மணி நேரம் அதிலேயே போனது. பிறகு எல்லோருக்கும் பசி. வராந்தாவில் பிரியாணி அண்டாவை இறக்கிவிட்டார்கள், வாசனை உள்ளே வந்தது. ஞானசிகாமணி வேகமாக வாசிக்க ஆரம்பித்தார். எண், தலைப்பு, ஆல் பாஸ். எண், தலைப்பு, ஆல் பாஸ். மேசைகள் தட்டிக்கொண்டே இருந்தன.

இருபத்தேழு வந்தது. தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதுல பதினாலாவது வார்டு உறுப்பினர் ஒரு வார்த்த சொல்லணும்னு பிரியப்படுதாங்க. சொல்லுங்கம்மா."

எழுந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக எழுந்திருக்கிறேன். பின்னால் இவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. அந்த வரி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

"ஆல் பாஸ்" என்றேன்.

சொல்லிவிட்டு மேசையைத் தட்டினேன். உடனே பக்கத்தில் இருந்தவர் தட்டினார். எதிர்வரிசை தட்டியது. ஆல் பாஸ், ஆல் பாஸ் என்று மன்றம் முழுக்கச் சொன்னது. என்ன பொருள் என்று பாதிப் பேருக்குத் தெரியாது, அவர்கள் கண் வராந்தாவில் இருந்தது. தலைவர் "இல்ல, ஒரு நிமிஷம்" என்றார். நாய்க்காரர் எழுந்து, "பாஸ் ஆயிட்டு, அடுத்தது வாசிங்க, இல்லன்னா எந்த மினிட்ஸ்லயும் நாங்க கையெழுத்துப் போட மாட்டோம்" என்றார். ஞானசிகாமணி தலைவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எழுதினார்.

பிரியாணி சாப்பிட முடியவில்லை. தயிர்ச் சோறு கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும், ஏன் அப்படிச் சொன்னாய் என்று இவர் கேட்டார். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன். அவராகவே, "ஊசி போட்ட வாய். குழறிட்டு" என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

ஊசியால் வந்த வினை என்று தலைவருக்குப் போனில் விளக்கினார். அக்கா மகனுக்கு விளக்கினார். பல் டாக்டரையே கூப்பிட்டுத் திட்டினார். சாயங்காலம் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கி வந்தார், புண்ணுக்கு நல்லது என்று.

ஜூலை 2, புதன்

மழை வரும் போல இருந்தது. வரவில்லை.

ஜூலை 4, வெள்ளி

டீக்கடையில் இவருக்கு யாரோ சால்வை போட்டார்கள். முதலில் விழித்திருக்கிறார். தாமதக் கட்டணத்தைக் குறைத்துக் கொடுத்ததற்காக என்றதும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டாவது வார்டிலிருந்தும் ஆட்கள் வந்து கையைப் பிடித்தார்களாம். சால்வையை மடித்து பீரோவில் வைத்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது, "இதுவும் நல்லதுக்குத்தான்" என்றார். கத்தரிக்காய்ப் பொரியலைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். 'தாமதக் கட்டணத்துக்குக் கடிவாளம் போட்ட எங்கள் அண்ணன்' என்று போட்டு, இவர் இரண்டு ஆள் உயரத்தில் கும்பிடுகிறார். கீழே மூலையில் ரேஷன் கார்டு போட்டோ அளவுக்கு என் முகம். வீக்கம் இல்லாத பழைய போட்டோ. யார் வைத்தது என்று இவரிடம் கேட்டேன், பையன்கள் என்றார். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் பணத்துக்கு நம் வீட்டுக்குத்தான் வந்தார்.

ஊசிக் கதையை இப்போது யாரிடமும் சொல்வதில்லை. 'நான் சொல்லித்தான் அவள் எழுந்து பேசினாள்' என்று சொல்கிறார். நேற்று போனில் அப்படிச் சொல்லும்போது எனக்கும் கேட்டது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தேன், மறுபடியும் உதறினேன். ஏன் என்று தெரியவில்லை. பல் எடுத்த இடம் ஆறிவிட்டது, வலி இல்லை. வேறெங்கோ என்னவோ செய்கிறது.

ஜூலை 10, வியாழன்

இசக்கி வீட்டு வாசலை மறுபடி தோண்டி மூடியைக் கழற்றினார்கள். பாக்கியைத் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். அவள் அசலையும் அந்தப் பத்தில் ஒரு பங்கையும் கட்டிவிட்டாளாம். தண்ணீர் முதலில் செம்மண் நிறத்தில் வந்தது, பிறகு தெளிந்தது. இசக்கி குழாயை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அடுப்பில் வைத்த சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

லாரி இன்று தெருவுக்கு வந்து பாதித் தொட்டியோடு திரும்பியது. இவர் இரண்டு தடவை அதற்கு நான்தான் காரணம் என்பது போலப் பார்த்தார். ஃப்ளெக்ஸில் இருப்பவர் காரணம் என்றுதானே ஊரில் பேச்சு.

ஜூலை 14, திங்கள்

நேற்று இந்துஜாவுக்கு வளைகாப்பு. இன்று சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு இசக்கி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்தப் பெண் இரண்டு கையும் வளையலாக, மூச்சு வாங்கிக்கொண்டு படியேறினாள். இவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். இசக்கி முந்திரிக் கொத்துப் பலகாரத் தட்டை இவருக்கு முன்னால் வைத்தாள்.

"அண்ணாச்சி, நீங்க மட்டும் இல்லன்னா எம் பிள்ள இன்னைக்கு எங்கூட இருக்க மாட்டா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுக்கென்ன, இசக்கி" என்றார் இவர். "இவ என்ன கண்டா? நாந்தான் சொல்லிக் கொடுத்து அனுப்புனேன். இப்படி எந்திரி, இப்படிச் சொல்லுன்னு."

நான் இந்துஜாவுக்குத் தலையணை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொல்லிக் கொடுத்தது ஒத்திவைக்கச் சொல்லி" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. இவர் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார். நான் ரிமோட்டை அவர் கையிலிருந்து வாங்கி அணைத்தேன். எனக்கு இந்த மனிதர் மேல் இத்தனை கோபம் இருக்கிறது என்று இன்றுதான் தெரிந்தது. இசக்கியிடம் சொன்னேன்.

"அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கணும்னு இவுக தலைவர்கிட்டப் பேசி முடிச்சிருந்தாவ, இசக்கி. எனக்கு அந்த வரி மனப்பாடம். ஊசியால குழறவும் இல்ல. மரப்பு அதுக்கு முன்னாலயே விட்டுட்டு. நாந்தான் சொன்னேன். வேணும்னுதான் சொன்னேன்."

"ஏட்டி, உள்ள போ" என்றார் இவர்.

நான் போகவில்லை. இந்துஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அழுகை வந்தது. நிறுத்தப் பார்க்கவில்லை.

இசக்கி அவரைப் பார்த்தாள். அவர் அதற்குள் ஒரு முந்திரிக் கொத்தைக் கையில் எடுத்திருந்தார். அவள் குனிந்து, தட்டை அவர் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள்.

"நீங்க எடுங்க, மதினி" என்றாள்.